கடைமடைக்கு இரத்தம் போய்ச் சேர: முதுமையும் தசையின் நுண்குழாய்களும்

"நடக்க ஆரம்பிச்ச முதல் அஞ்சு நிமிஷம் காலு கல்லாட்டம் கனக்குது. அதுக்கப்புறம் லேசாயிடுது." முதியவர்களுக்குத் தசைப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் யாரும் இதை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்டிருப்பார்கள். "வயசாயிடுச்சுல்ல" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிடக் கனத்தை நாங்கள் அப்படி விடுவதில்லை. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வேண்டிய இரத்தம் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அந்தச் சதையே சொல்கிற சேதி அது.

ஏரி நிறைந்திருக்கும், பெரிய வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், கடைமடை வயல் மட்டும் காயும். வயதானவர்களின் காலில் நடப்பதும் இதுதான். ஈசிஜி, எக்கோ சரி. கால் தமனிக்கு எடுத்த டாப்ளரும் சரி. ஆனால் மாடிப்படி ஏற முடிவதில்லை. ஏனென்றால் அந்தப் பரிசோதனைகள் ஏரியையும் பெரிய வாய்க்காலையும் பார்ப்பவை. தசையிழையைத் தொட்டுக்கொண்டு ஓடும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகளின் உட்புறம் 5, 6 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சிவப்பணுவோ 7, 8 மைக்ரான். அது உடம்பை வளைத்து மடக்கித்தான் உள்ளே நுழைகிறது. அவ்வளவு சிறிய இடத்தில்தான் ஆக்சிஜனும் சர்க்கரையும் அமினோ அமிலமும் கைமாறுகின்றன.

தந்துகிகளுக்கு முன்னால் நுண்தமனிகள் இருக்கின்றன. மடை அவைதான். ஓய்வில் இருக்கும் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மில்லி இரத்தம் போதும். வேலை செய்யும்போது அதுவே 50, 100 மில்லி என்று ஏறும், அதற்கு மேலும் போகும். அவ்வளவு பெரிய மாற்றம் சில விநாடிகளில் நடக்க வேண்டும். இளைஞர்களிடம் நடந்துவிடுகிறது.

டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் தந்துகிகளின் கட்டுப்பாட்டைப் பற்றிய வேலைக்காக 1920-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். ஓய்வில் பெரும்பாலான தந்துகிகள் மூடிக் கிடக்கும், வேலை வந்தால் திறக்கும் என்பது அவர் கருத்து. இன்று அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்கள். ஓய்வில் இருக்கும் தசையிலும் பெரும்பாலான தந்துகிகளில் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேலை தொடங்கியதும் ஓட்டத்தின் வேகமும், ஒரு நேரத்தில் உள்ளே இருக்கும் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் கூடுகின்றன. ஆகவே, மூடிக் கிடப்பதை எப்படியாவது திறந்துவிடுவது என்று யோசிப்பதில் பயனில்லை. ஓட்டம் வேகமெடுக்க வைப்பதும், புதுக் கிளைகள் வளர வைப்பதும்தான் நம் வேலை.

வயது மூன்று இடத்தில் கை வைக்கிறது.

முதலாவது, எண்ணிக்கை. ஒரு தசையிழையைச் சுற்றியுள்ள தந்துகிகள் குறைகின்றன. வேகமாகச் சுருங்கும் இரண்டாம் வகை இழைகளைச் சுற்றி இது அதிகம். தடுக்கி விழப்போகும்போது சட்டென்று காலை எடுத்து வைக்க உதவுபவை இந்த இழைகள்தான். இதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஊசி வழியாக எடுத்த தசைத் துணுக்கில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை தந்துகி என்று எண்ணினால் சில முதியவர்களிடம் குறைவே தெரியாது. இழைகளும் மெலிந்துவிடுவதால் மிச்சமுள்ள தந்துகிகள் நெருங்கி நிற்கும். ஓர் இழைக்கு எத்தனை என்று எண்ணினால்தான் இழப்பு தெரியும். "முதுமையில் தந்துகிகள் குறைவதில்லை" என்று எங்காவது படித்தால், எப்படி எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, மடை. நாம் நினைக்காமலேயே இயங்கும் பரிவு நரம்புகள் எப்போதும் நுண்தமனிகளைச் சுருக்கியே வைத்திருக்கும். வேலை செய்யும் தசை, அந்த நரம்புக் கட்டளையை உள்ளூரில் மீறி, தனக்கு வேண்டிய மடையைத் திறந்துகொள்ளும். வயதாக ஆக நரம்பின் இறுக்கம் கூடுகிறது, மீறும் திறன் குறைகிறது. குழாயின் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் மடையைத் தளர்த்தும் முக்கியப் பொருள். முதுமையில் அதன் உற்பத்தி குறைவதோடு, உருவானதையும் ஆக்சிஜனேற்றக் கழிவுகள் தின்றுவிடுகின்றன. முதல் ஐந்து நிமிடக் கனத்துக்கு முக்கியக் காரணம் இந்தத் தாமதம்தான் என்பது எங்கள் மதிப்பீடு.

மூன்றாவது, சுவர். தந்துகியைச் சுற்றியுள்ள அடிச்சவ்வு தடிக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அதிகமாகவும் நடக்கும். சாப்பாட்டுக்குப் பின் சுரக்கும் இன்சுலின் தசையின் நுண்குழாய்களுக்குள் இரத்தத்தைக் கூட்டி அனுப்பும் வேலையையும் செய்கிறது. அந்தப் பாதை மந்தமானால் சர்க்கரை தசைக்குள் போக மறுத்து இரத்தத்திலேயே சுற்றும். அது குழாயை மேலும் கெடுக்கும்.

எடை தூக்கினால் சதை வரும் என்று வீட்டுப் பெரியவருக்கு டம்பெல் வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இழையைப் பழுதுபார்த்துப் பருக்க வைக்கும் துணைச்செல்கள் தந்துகிகளுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கின்றன. முதுமையில் அந்த இடைவெளி கூடுகிறது. தொடக்கத்திலேயே தந்துகிகள் நிறைய இருந்த முதியவர்களுக்கு எடைப்பயிற்சியால் இழைகள் நன்றாகப் பருத்தன, குறைவாக இருந்தவர்களுக்கு அந்த அளவு பருக்கவில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே நாங்கள் எடையைப் பிறகு வைத்துக்கொண்டு நடையிலிருந்து தொடங்குகிறோம். முதல் 6 வாரம் வாய்க்கால் வெட்டு, அதன் பிறகு உரம்.

தொடங்குமுன் வீட்டிலேயே நான்கு அளவுகள் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள்.

கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயது ஆணுக்கு 12-க்குக் கீழும் பெண்ணுக்கு 11-க்குக் கீழும் வந்தால் சராசரிக்குக் குறைவு. 75 முதல் 79 வரை ஆணுக்கு 11, பெண்ணுக்கு 10. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் கணக்கு பூஜ்யம். அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னாலிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்து வரச் சொல்லுங்கள். கோட்டிலிருந்து கோடு வரை 4 விநாடிக்கு மேல் ஆனால் நடை மந்தம் என்று ஆசிய நாடுகளுக்கான தசைத் தேய்வு வழிகாட்டி சொல்கிறது. மூன்றாவது, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தையல் டேப்பால் சுற்றளவு. ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33 செ.மீ.க்கும் கீழே போனால் சதை குறைந்திருக்கிறது என்று பொருள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். நான்காவது எந்தப் புத்தகத்திலும் இல்லாதது, ஆனால் நாங்கள் மிகவும் மதிப்பது: நடக்கத் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் கனம் விடுகிறது என்ற குறிப்பு.

இங்கே மூன்று வலிகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் குழம்பினால் மாதக்கணக்கில் தவறான வைத்தியம் நடக்கும். தொடக்கத்தில் கனத்து, நடக்க நடக்க விடுவது மடை மெதுவாகத் திறப்பதால். நன்றாக நடந்துகொண்டிருந்து, ஒரு குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் கடுத்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடிப்பது பெரிய தமனியில் அடைப்பு இருக்கலாம் என்பதற்கு அறிகுறி. நின்றால் விடாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ மட்டும் விடும் வலி முதுகெலும்புக் குழல் சுருங்கியதால் வரலாம். இரண்டாவதாகச் சொன்னது இருந்தால் கணுக்கால், கை இரத்த அழுத்தங்களை ஒப்பிடும் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண் 0.9-க்குக் கீழே வந்தால் தமனி அடைப்பு. பல ஆண்டாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குத் தமனி கெட்டித்துப்போய் இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அவர்களுக்குக் கால் கட்டைவிரல் அழுத்தத்தைப் பார்ப்பது நல்லது.

இனி நடை. முதல் 2 வாரம் காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம். இரண்டு வேளையும் தொடக்கத்தில் நிதானமாக நடங்கள். இளைஞர்களுக்கு 2 நிமிட வார்மப் போதும், 65-க்கு மேல் 8 முதல் 10 நிமிடம் தேவை. மடை திறக்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அதற்குள் வேகம் எடுத்தால் தசை ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்து சீக்கிரம் களைக்கும். "எனக்கு நடை ஒத்துக்கலை" என்று மூன்றாம் நாளே நிறுத்துபவர்களில் பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

3-ஆம் வாரம் முதல் இடையிடையே வேகம் சேருங்கள். ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரில் ஷின்ஷு பல்கலைக்கழகத்தார் நடுவயதினரையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்த முறை எளிமையானது: 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி 5 சுற்று, வாரம் 4 நாள். ஐந்து மாதத்தில் தொடை வலிமையும் மூச்சுத் திறனும் ஒரே சீராக நடந்தவர்களைவிட நன்றாகக் கூடின. நம் ஆட்களுக்கு முதலில் 1 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெதுவாக என்று 4 சுற்றில் தொடங்கி, வாரம் அரை நிமிடமாக வேகப் பகுதியைக் கூட்டிக்கொண்டு போகிறோம். வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்து நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிட்டால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. எண்ணை எட்டுவதற்காக அளவுக்கு மீறி நடந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பேச்சுச் சோதனை மட்டும்தான்.

வேகப் பகுதியை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குழாய்ச் சுவரை இரத்தம் உரசி ஓடும் விசைதான் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்கிறது. புதுத் தந்துகி இரண்டு வழியில் பிறக்கிறது என்பது பர்மிங்ஹாமில் ஓல்கா ஹுட்லிக்காவின் குழு எலித் தசைகளில் காட்டியது. இரத்த ஓட்டத்தின் உரசல் கூடினால் ஒரு தந்துகி நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிகிறது. தசை பாரத்தால் இழுபட்டால் பழைய தந்துகியிலிருந்து புது முளை கிளம்புகிறது. ஒன்றுக்கு வேக நடை, இன்னொன்றுக்குப் பாரத்தோடு நீட்டுவது. இரண்டும் வேண்டும்.

காலம் எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். உள்சுவரின் வேலை ஓரிரு வாரத்திலேயே தேறத் தொடங்கும். தந்துகிகளின் எண்ணிக்கை அதிகரிக்க மாதங்கள் ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 60 முதல் 70 வயது ஆண், பெண்கள் நாளுக்கு 45 நிமிடம், வாரம் 4 நாள், 9 முதல் 12 மாதம் நடந்தும் மெதுவாக ஓடியும் பயிற்சி செய்தார்கள். 1992-ல் வெளிவந்த அதன் முடிவில் கெண்டைக்கால் தசையின் தந்துகி அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. அறுபதுக்கு மேலும் வாய்க்கால் வெட்ட முடியும் என்று நாங்கள் தைரியமாகச் சொல்வது இதை வைத்துத்தான். மடையைப் பற்றிய நல்ல செய்தி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. வாழ்நாள் முழுக்க உடலுழைப்பை விடாத முதியவர்களின் காலில், நரம்புக் கட்டளையை மீறி மடை திறக்கும் திறன் இளைஞர்கள் அளவுக்கே இருந்தது.

6 வாரம் நடந்த பிறகு வலுப்பயிற்சி, வாரம் 2 அல்லது 3 நாள். அதிகம் வேண்டாம், மூன்று போதும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, 8 முதல் 10 தடவை, 2 செட். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, 12 தடவை, 2 செட். இது பழகியதும் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குவது. இங்கேதான் பாரத்தோடு நீட்டல் கிடைக்கிறது. கணுக்காலில் எடை கட்டி, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது மூன்றாவது. அரைக் கிலோவில் தொடங்குங்கள்.

ஒவ்வொன்றிலும் 2 விநாடி ஏற்றம், 3 விநாடி இறக்கம், நடுவில் ஒரு கணம் முழுத் தளர்வு. அந்தத் தளர்வை விட்டுவிடக் கூடாது. தசை சுருங்கும்போது உள்ளிருக்கும் அழுத்தம் குழாய்களை நசுக்குகிறது, தளரும்போதுதான் இரத்தம் பாய்கிறது. இறுக்கிப் பிடித்தபடியே 30 விநாடி நிற்பது அந்தப் பாய்ச்சலை அடைத்துவிடும். இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எழும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுபவர்களுக்குத் தலைசுற்றல் வரும். முதல் வாரம் இதை மட்டும் வாய்விட்டு எண்ணச் சொல்லிச் சரிசெய்துவிடுகிறோம். எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்க முடியாது.

காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மற்ற நேரம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தாலே கால் தமனியின் விரியும் திறன் குறைகிறது. மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் எழுந்து நடந்தால் இதைத் தவிர்க்கலாம். எழ முடியாத இடத்தில், பேருந்திலோ பூஜையிலோ, குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தாலும் உதவும். கால் ஆட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியவர்களைத் தடுக்க வேண்டாம்.

வெயில் காலத்தில் உடம்பு குளிர்வதற்காக இரத்தத்தைத் தோலுக்குத் திருப்பிவிடும். தசைக்குப் போகும் பங்கு குறையும். சித்திரை, வைகாசியில் 7 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மதிய விருந்து முடிந்த கையோடு வலுப்பயிற்சி வேண்டாம், இரத்தம் குடலுக்குப் போயிருக்கும். 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது வேறு. அது சர்க்கரைக்கு மிகவும் நல்லது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் நடையில் சர்க்கரை இறங்கிவிட்டால் வாயில் போட்டுக்கொள்ள, சட்டைப்பையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை மடித்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. சுட்டது தெரியாது. எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது சுகம் தரும், அது நடைக்கு ஈடாகாது. பீடி, சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பீடியும் மடையை இறுக்குகிறது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். புரதம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். இட்லி, சோறு, ரசம் என்று போகும் தட்டில் இது வராது. ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பயறு, சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்றைப் பங்காக வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. அடுத்தது கீரையும் பீட்ரூட்டும். அவற்றிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டில் பெரும்பங்கு அதோடு போய்விடும். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷால் தினமும் கொப்பளித்தால் அந்தப் பாக்டீரியாக்கள் செத்துப்போகும். பல் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் அதைத் தொடராதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாலக்கும் பீட்ரூட்டும் அளவாக.

நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், குளிர் வியர்வை வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் நடக்கவும் வேண்டாம், பிடித்துவிடவும் வேண்டாம். இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது படுக்கை. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்க வைத்துப் பார்த்ததில், கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பியவரை "நல்லா ரெஸ்ட் எடுங்கப்பா" என்று கட்டிலில் கிடத்துவது பாசம்தான், ஆனால் மிச்சமிருக்கும் வாய்க்காலும் தூர்ந்துபோகும். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் படுக்கையிலேயே மணிக்கு 20 தடவை பாதத்தை மேலும் கீழும் அசைக்க வையுங்கள். சாப்பாட்டைக் கட்டிலுக்குக் கொண்டு போகாமல் அவரை மேசைக்கு நடத்திக் கூட்டி வாருங்கள். பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. 10 நாள் படுத்தவர் மறுபடியும் முதல் வார அளவிலிருந்து, 10 நிமிட நடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து நான்கு அளவுகளையும் திரும்ப எடுங்கள். முதலில் மாறுவது, கனம் விடும் நிமிடம். எட்டாவது நிமிடத்தில் விட்டது நாலாவதில் விடும். அடுத்து நாற்காலி எண்ணிக்கை. பிறகு நடை வேகம். கெண்டைக்கால் சுற்றளவு கடைசியில்தான் நகரும், சிலருக்கு அரை சென்டிமீட்டர்கூட நகராது. முதல் மூன்றில் இரண்டு தேறியிருந்தால் டேப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நடையை அப்படியே வைத்துக்கொண்டு, கணுக்கால் எடையை மட்டும் அரைக் கிலோ கூட்டுங்கள்.